மதினியின் களைப்புக்கு ரிப்போர்ட் கேட்டோம்

போன செவ்வாய்க்கிழமை தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு வாசகர் என்னைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பத்தியோடு வரும் என் போட்டோ பத்து வருஷப் பழசு. அதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார் — சந்தோஷம்தான். கையைக் குலுக்கிவிட்டுக் கேட்டார்:

"அந்தத் தூங்குமூஞ்சி மதினி எப்படி இருக்காக சார்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மேல் எதற்குக் கோபம்? பாவம், நான் எழுதியதைத்தான் எனக்கே திருப்பிச் சொன்னார். பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. கம்பத்தில் திராட்சைத் தோட்டம். நாற்பத்தாறு வயது. கவாத்து நடக்கும் நாட்களில், கொடி வெட்ட வரும் பன்னிரண்டு ஆட்களுக்கும் ஒற்றை ஆளாகச் சமைத்து, தூக்குவாளியோடு தோட்டத்துக்கு நடந்தே போகிறவர். போனவர்.

போன வருஷம் அவர் கண்ட இடத்தில் தூங்க ஆரம்பித்தார். ஜெயமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் கண்ணை மூடிவிட்டார். தேவாரம் பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். தோட்டத்தில் பழப்பெட்டி மேல் உட்கார்ந்தால், எழுப்பிவிட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நாங்கள் சிரித்தோம். நான் இன்னும் ஒரு படி மேலே போய், 'தூங்குமூஞ்சி மதினி' என்று இதே பக்கத்தில் எழுதினேன். கட்டுக் கட்டாகக் கார்டு வந்தது. ஆளுக்கு ஆள் தங்கள் வீட்டுத் தூங்குமூஞ்சிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்த அம்மாளுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்தீர்களா என்று ஒருவராவது கேட்டாரா? இல்லை. நானே கேட்கவில்லை... உங்களைச் சொல்லி என்ன?

மதினி வாயைத் திறக்காமலும் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரியே இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். வயசாகுதுல்ல என்றிருக்கிறார் அண்ணன். பக்கத்திலிருந்த ஒரு டாக்டரிடமும் போய்ச் சொன்னார். அவர் டானிக் எழுதினார். இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். கூடவே, டிவி பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு புத்திமதி.

எந்த டிவி? பன்னிரண்டு ஆட்களுக்குச் சோறு வடிக்கிற பெண் எந்த நேரத்தில் டிவி பார்ப்பார்?

ரத்தம் குறைகிறதே, அது எங்கே போகிறது என்று அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

ஒரு நாள் காலையில் அடுப்படியில் மதினி அப்படியே சரிந்து விழுந்தார். அதற்குப் பிறகுதான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற டெஸ்ட், துளிச் சதை எடுத்து லேபுக்கு... ரிப்போர்ட் வந்தது. பெருங்குடலில் கேன்சர். மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசிந்திருக்கிறது என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. களைப்பு அதனால்தான்.

அன்றைக்கே வீடு மொத்தமும் மாறிவிட்டது. படுத்துக்கொள் என்கிறார் அண்ணன். எழுந்திருக்காதீர்கள் என்கிறேன் நான். அதே மதினி. அதே களைப்பு. முந்தின வாரம்வரை அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். லேபிலிருந்து ஒரு காகிதம் வந்ததும் அது நிஜமாகிவிட்டது. ஒரு பெண் தன் வாயால் சொன்னதை நம்புவதற்கு எங்களுக்கு முத்திரை குத்திய சர்டிஃபிகேட் தேவைப்பட்டிருக்கிறது!

ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பு தேற வேண்டும் என்று ரத்தம் ஏற்றி, சில நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உடனே உறவு ஜனம் ஜீப் பிடித்து வர ஆரம்பித்தது. கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். மதினிக்குக் கண் அசரும் மத்தியான நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள். வந்தவர்களுக்குக் காபி போட்டது யார்? மதினிதான். ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கலக்கினார். நீட்டிய டம்ளரை நானும் வாங்கிக் குடித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

டம்ளரைத் திருப்பிக் கொடுக்க அடுப்படிக்குப் போனபோது, நான் எழுதியதைப் படித்தாரா என்று கேட்டேன். அதுவரை கேட்கத் தைரியம் வந்ததில்லை.

"வாசிச்சேன் தம்பி. நல்லாத்தான் எழுதியிருந்தீக. எனக்கே சிரிப்பு வந்துச்சு." கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவினார். பிறகு சொன்னார்: "அதுக்குப் பெறகு நான் பகல்ல படுக்கல."

"எத்தன நாளா மதினி?"

"விழுந்த அன்னைக்கி வரைக்கும்."

நான்கு மாதம். குடலில் ரத்தம் கசியக் கசிய, என் நகைச்சுவைக்குப் பயந்து ஒரு மனுஷி நான்கு மாதம் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். அந்த டாக்டரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு கீமோ. அது கொண்டுவந்தது வேறு மாதிரிக் களைப்பு — எவ்வளவு தூங்கினாலும் தீராதது. மதுரையில் ஒரு நர்ஸ்தான் மதினிக்கு வழி சொன்னார். விழுகிறவரை வேலை பார்த்துவிட்டுப் படுக்காதீர்கள், அதற்கு முன்பே படுத்துவிடுங்கள். தெம்பு இருக்கிற நேரத்தில் உங்களுக்குப் பிடித்ததை முதலில் செய்யுங்கள். தினமும் கொஞ்ச தூரமாவது நடங்கள். வலியைச் சொல்கிற மாதிரியே களைப்பையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மதினி அதைப் பிடித்துக்கொண்டார். காலை எட்டு மணிக்குத் தோட்டத்துக்கு நடை. முதல் பந்தலோடு திரும்பிவிடுவார். குளிக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஆட்களுக்குச் சமைக்க அடுத்த தெருவிலிருந்து ஒரு அம்மாள் வருகிறார். இதை முன்பே செய்திருக்கலாம்தானே? யாருக்கும் தோன்றவில்லை. போன மாதம் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. களைப்பு போக இன்னும் பல மாதம் ஆகலாம் என்று மட்டும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் கம்பத்தில் இருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குச் சின்னமனூரிலிருந்து எங்களுக்கு ஒன்றுவிட்ட அக்கா முறையில் ஒருவர், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டார். அவள் தூங்குகிறாள், காலையில் வாருங்கள் என்றார்.

"அதான் எல்லாம் சரியாப் போச்சுன்னு சொன்னாகளே. இன்னமும் பகல்ல என்ன தூக்கம்?"

"களைப்பா இருக்குன்னு அவ சொன்னா, அக்கா. எனக்கு அது போதும்."

அந்த அக்கா ஜீப்பைத் திருப்பச் சொல்லிவிட்டார். இனிமேல் இந்த வாசப்படியை மிதிக்கவே மாட்டாராம்.

மிதிக்க வேண்டாம். சத்தத்தில் மதினி எழுந்துவிடுவார்.