தேத்தண்ணி குடிக்காத விருந்தாளிகள்

எண்பதுகளின் நடுப்பகுதியில் சுவிற்சர்லாந்தில், ஊஸ்டரில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூவரும் யாழ்ப்பாணம். மூவரும் அகதி மனுக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைத்தேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மாஸ்டர் ஒரு வயோதிபர் இல்லத்தில் படுக்கை விரித்தார். மூன்றாமவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் மரக்கறி வெட்டினார். எங்கள் இருவருக்கும் வயதில் மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன். மாஸ்டர் அவரை 'நீ' என்பார், அவர் மாஸ்டரை 'நீங்கள்' என்பார். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் காரணம் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் சாதியை நேரே கேட்கமாட்டார்கள், 'எந்தப் பகுதி' என்றுதான் கேட்பார்கள். அண்ணையின் பகுதி எதுவென்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள், அவ்வளவு தெரிந்தால் போதும். தப்பித் தவறி அந்தப் பக்கம் போக நேர்ந்தால், நெஞ்சில் கையை வைத்துச் சிரித்துக்கொண்டு, "இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்பார்கள். மிகவும் வற்புறுத்தினால் கடையில் சோடா வாங்கிவரச் சொல்லி, கண்முன்னே மூடி திறந்தால் குடிப்பார்கள். ஊஸ்டரில் அண்ணைதான் எங்களுக்குச் சமைத்தார். இஞ்சி தட்டிப் போட்டு அவர் வைக்கும் தேத்தண்ணிக்காகவே நான் வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வருவேன். அந்தப் பழைய கதையெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கீழே வீட்டுக்காரி இருந்தார். கணவனை இழந்தவர், கறார்ப் பேர்வழி. உடுப்புத் தோய்க்கும் அறையின் சாவியை எங்களிடம் தரும்போது அரசாங்கத்தையே கையில் கொடுப்பதுபோலத் தருவார். அந்த நாட்களில் தமிழர்கள் போதைத்தூள் விற்கிறார்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள், ரயிலில் எங்களுக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். வீட்டுக்காரி மட்டும் எங்களை விட்டுக்கொடுக்கமாட்டார். தன் வீட்டுத் தமிழர் நல்லவர்கள், மற்றத் தமிழர்தான் மோசம் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதே வாயால் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்ட இரண்டு அமெரிக்கர் வந்தால் கதவைத் திறக்கவேண்டாம் என்று எச்சரித்தார். மோர்மன்களாம், அமெரிக்காவில் கிளம்பிய ஒரு சபையாம். ஆளுக்குப் பல மனைவிகளாம். பேர்ன் பக்கத்தில் ஒரு கோயில் வைத்திருக்கிறார்களாம், உள்ளே என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாதாம். பெண்களையும் பணத்தையும் பறித்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

எங்களிடம் பறிக்க இரண்டுமே இல்லை என்று மாஸ்டர் சொன்னார். ஆனால் அவரும் வீட்டுக்காரியின் பக்கம்தான். அண்ணையின் உணவகத்திலும் இதே பேச்சுத்தானாம். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு சின்ன ஆறுதலாக இருந்தது. இந்த ஊரில் எங்களைவிடக் கேவலமாகப் பார்க்கப்படும் ஆட்களும் இருக்கிறார்கள், அதுவும் வெள்ளைத் தோலோடு.

மாதம் பிறந்து வந்த முதல் ஞாயிறு அன்று அவர்கள் வந்தார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் குப்பை போட்டுவிட்டுத் திரும்பும்போது வீட்டுக்காரி அவர்கள் முகத்தில் கதவைச் சாத்துவதைக் கண்டேன். நெட்டையன் ஒருவன், குட்டையன் ஒருவன். இருபது வயதுகூட இராது, ஆனால் கோட்டில் குத்தியிருந்த கறுப்புத் தகட்டில் இருவருக்கும் 'மூப்பர்' என்று பட்டம். மீசை அரும்பாத மூப்பர்கள். சாத்திய கதவைப் பார்த்து நெட்டையன் நன்றி சொன்னான். அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ செய்தது. சாத்திய கதவுகளை நானும் நிறையப் பார்த்தவன், ஒன்றுக்குக்கூட நன்றி சொன்னதில்லை. பக்கத்துப் படியால் அவர்களை மேலே கூட்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் யாராக இருந்தாலும் அண்ணைக்கு விருந்தாளிதான். அவர் நல்ல கிளாஸ் இரண்டைத் தேடியெடுத்துக் கழுவி, பால் விட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார். இருவரும் நெஞ்சில் கையை வைத்துச் சிரித்தபடி வேண்டாம் என்றார்கள். அண்ணை கோப்பி கேட்டார். அதுவும் வேண்டாம். அவித்து வைத்திருந்த கடலையை நீட்டினார். வேண்டாம். கடைசியில், பச்சைத் தண்ணீராவது, என்று சைகை காட்டினார். நெட்டையன் உதடு வெடித்திருந்தது, தாகம் முகத்தில் தெரிந்தது. அப்படியும் அதே சிரிப்பு, அதே கை, அதே வேண்டாம். அந்தச் சிரிப்பை நாங்கள் மூன்று பேரும் பிறந்த நாள் முதல் அறிவோம்.

அவர்கள் ஏதோ கதைத்தார்கள், ஒரு புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணை இரண்டு கிளாஸையும் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்:

"வெள்ளைக்காரனுக்கும் சொல்லிப்போட்டியளோ?"

அவர் பகுதியைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று நான் சத்தியம் பண்ணினேன். அவர் சந்தேகம் என்மேல் இல்லை. ஒரு வாரத்துக்கு முன் மாஸ்டர் பஸ் தரிப்பிடத்தில் அந்தப் பெடியன்களோடு ஆங்கிலத்தில் கதைத்ததை அவர் கண்டிருந்தார். மாஸ்டரிடம் கேட்டபோது அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. தனக்கு வேறு வேலையில்லையா என்றார். இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அதை அவர் சொல்லவில்லை. அன்றிரவு அண்ணை தனக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில் உலை வைத்தார். சூரிச் பக்கம் அட்லிஸ்வில்லில் இருந்த மச்சானுக்குப் போன் பண்ணி, அங்கே ஒரு படுக்கைக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். அடுத்த கிழமை போவதாகப் பேச்சு. எங்கள் வீடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு நாளில் உடைந்து போனது. அவரை விடவும் மனமில்லை, மறிக்கவும் எனக்கு வாயில்லை.

சனிக்கிழமை ரயில் நிலையத்தில் அந்த இருவரையும் மறுபடி கண்டேன். துண்டுப் பிரசுரங்களோடு குளிரில் நின்றார்கள். ஒரு தாய் பிள்ளையை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு போனாள். ஒருவர் பிரசுரத்தை வாங்கி, அவர்கள் பார்க்கவே கிழித்துப் போட்டார். குட்டையன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டான். நான் அவர்களை நோக்கிப் போக, தொப்பி வைத்த ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, இவங்களோடு சேராதே, ஆபத்தானவர்கள் என்றார். அந்த ஊரில் முன்பின் தெரியாத ஒரு சுவிஸ்காரர் தானாக வந்து என்னோடு அக்கறையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

நெட்டையன் என்னைக் கண்டதும் சமைக்கிற அண்ணை சுகமா என்று கேட்டான். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், ஏன் குடிக்கவில்லை என்று நேரே கேட்டேன். அவன் சொன்னான். தேநீரும் கோப்பியும் அவர்கள் மார்க்கத்தில் எப்போதுமே இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு விரதம், தண்ணீர்கூடத் தொடக்கூடாது. விரதம் இருப்பதை வெளியே காட்டிக்கொள்ளவும் கூடாதாம், அப்படி வேதத்தில் இருக்கிறதாம். அதனால்தான் சொல்லாமல் சிரித்திருக்கிறார்கள். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு, வறண்ட நாக்கோடு, பனியில் கதவு கதவாகப் போய் ஏச்சு வாங்கிக்கொண்டு, சாத்திய கதவுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வீட்டோடு போனில் கதைப்பதுகூட கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் தாய்மார் தினத்துக்கும் மட்டும்தானாம். யாரும் துரத்தாமல், தானே விரும்பி வந்து நிற்கிறான். அந்த வயதில் நான் எப்படி இருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பிறகு அவன் சிரிப்புக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. சாதியை ஆங்கிலத்தில் விளக்குவது லேசான காரியமில்லை. தண்ணீர், கிளாஸ், சோடா என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். நெட்டையன் முகம் வெளுத்தது. "நாங்கள் தன்னை அசுத்தமானவர் என்று நினைப்பதாக அவர் நினைக்கிறாரா?" என்று கேட்டான். ஓம் என்றேன். எப்போதும் வாய் திறக்காத குட்டையன் அப்போது மெல்லச் சொன்னான், சில வருடங்களுக்கு முன்புவரை தங்கள் சபையிலும் கறுப்பு மனிதர்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில்லை என்று. தான் சிறுவனாக அதைப் பார்த்து வளர்ந்தவன் என்றான். அதைச் சொல்ல அவனை யாரும் கேட்கவில்லை. அண்ணையின் உணவகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமை வருவதாக இருவரும் சொன்னார்கள். தண்ணீருக்குத் தமிழில் என்ன என்று நெட்டையன் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டான்.

அன்று மாலையே அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கறி கிளறியபடி கேட்டுவிட்டு, "ஊரிலயும் விரதம் எண்டுதான் சொல்லுறவை" என்றார். அவருடைய பெட்டி கட்டி முடிந்து கதவோரம் நின்றது.

திங்கள் பின்னேரம் அவர்கள் வந்தபோது புத்தகம் ஒன்றும் கையில் இல்லை. மாஸ்டர் வேலைக்குப் போயிருந்தார். நெட்டையன் என்னைத் தாண்டி நேரே சமையலறை வாசலுக்குப் போய், கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "தண்ணி" என்றான். அண்ணை திரும்பிப் பார்த்தார். அவன் இரண்டு கைகளையும் ஏந்தினான். அண்ணை ஒரு கிளாஸை எடுத்தார். எப்போதும் இரண்டு தரம் கழுவுகிறவர், அன்று கழுவவில்லை. தான் குடித்து வைத்திருந்த கிளாஸ் அது, எனக்குத் தெரியும். சோதிக்கிறார் என்று நினைத்தேன். குழாயைத் திறந்து நிரப்பிக் கொடுத்தார்.

அவன் வாய் வைத்துக் குடித்தான். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுக் கிளாஸை மறுபடி நீட்டினான். இரண்டாவதையும் குடித்தான். பிறகு அதே கிளாஸில் குட்டையனும் வாங்கிக் குடித்தான். கோயிலில் தீபம் காட்டும்போது வருகிற ஒரு நடுக்கம் எனக்கு வந்தது. பக்தி என்று சொல்லமாட்டேன், எனக்கு அவர்கள் சாமியும் தெரியாது, வேதமும் தெரியாது. தண்ணீர் ஒரு மனிதனின் தொண்டையில் இறங்குவதை அப்படி மலைத்துப் போய் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நெட்டையன் விரதத்தைப் பற்றிச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். இந்த முறை அண்ணை கேட்டார். தண்ணியும் இல்லாமலோ என்று இரண்டு தரம் விசாரித்தார். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவர் அவர். விரதகாரருக்கு முன்னால் தேத்தண்ணியை நீட்டிப் பாவம் தேடிக்கொண்டேனே என்று தலையில் கை வைத்தார். பிறகு தனக்கென்று சின்னச் சட்டியில் வைத்திருந்த சோற்றையும் மீன்குழம்பையும் அவர்கள் இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். மூப்பர்கள் கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். உறைப்பில் மூக்கும் கண்ணும் ஒழுகின, ஆனாலும் இரண்டு பேரும் தட்டை வழித்தார்கள்.

அவர்கள் படியிறங்கிப் போவதைக் கீழே வீட்டுக்காரி கதவிடுக்கால் பார்த்திருக்கிறார். பிறகு மேலே வந்து ஏதாவது காணாமல் போனதா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பாமல் இறங்கிப் போனார். கடைசிவரை அவர் மாறவில்லை. நாங்களும் மோர்மன் ஆகவில்லை, அவர்கள் வைத்துவிட்டுப் போன புத்தகம் அலுமாரிமேல் கிடந்து தூசி பிடித்தது.

அண்ணை வெறும் தட்டுகளைப் பார்த்தபடி மேசையில் இருந்தார். இனிப் போகமாட்டீர்கள்தானே என்று நான் கேட்டேன்.

"நீங்கள் ரெண்டு பேரும் குடிச்சது வேற வழியில்லாமல், தம்பி," என்றார். "என்ர கையால தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்ச ஆக்களை இண்டைக்குத்தான் கண்டனான்."

எத்தனை மாதம் அவர் வைத்த தேத்தண்ணியைக் குடித்திருக்கிறேன். மேசையில் வந்து இருந்தால் கிளாஸ் முன்னால் வரும், குடிப்பேன். கேட்டதில்லை. அவர் சொன்னது சரி. "அண்ணை, எனக்கும் கொஞ்சம் தண்ணி தாங்கோ," என்றேன்.

"பைப் உனக்குப் பக்கத்திலதானே கிடக்கு," என்றார்.

பிறகு அவரே எழும்பிப் போய், அந்தப் பெடியன்கள் குடித்த கிளாஸில் நிரப்பிக்கொண்டு வந்து என் கையில் தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். அடுத்த நாள் அட்லிஸ்வில்லுக்குப் போன் எடுத்து, இப்போதைக்கு வரவில்லை என்று மச்சானிடம் சொன்னார்.