வென்டலின் பித்தளைக் கம்பி

டெல்மர் ஹோஸ்டெட்லர் எதையும் சோதிக்காமல் நம்பமாட்டார். ஆனால் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இண்டியானாவில், சோயா வயலை ஒட்டி, ரேடியோவால் பறக்கவிடும் மாதிரி விமானங்களுக்கான எங்கள் கழகத்தில், யார் பெரிய விமானம் கட்டினாலும் ரேடியோவைப் பொருத்த அவரிடம்தான் கொடுப்போம். அவர் பொருத்திய எதுவும் விழுந்ததில்லை. அவருக்கென்று சொந்தமாக ஒரு விமானமும் கிடையாது.

அந்தக் கோடையில் வென்டல் கிரேபில் தன் மஞ்சள் விமானத்தைக் கொண்டுவந்தார். அதை வீட்டுச் சமையலறையில் வைத்துக் கட்டியிருந்தார்; இறக்கையை வெளியே எடுக்கக் கதவின் நிலையைப் பெயர்க்க வேண்டியிருந்தது. வென்டலுக்கு நுரையீரலில் புற்றுநோய். பனி விழும்வரை தாங்குவது கடினம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குள் அது பறப்பதைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

டெல்மர் எஞ்சினின் மூடியைக் கழற்றினார். எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன மோட்டாரிலிருந்து கார்புரேட்டர் வரை ஒரு பித்தளைக் கம்பி மின்னியது.

"அழகா இருக்கு. கழட்டணும்."

"யோவ், அத லேத்துல என் கையால கடைஞ்சேன்யா."

"அதான் அழகா இருக்குன்னேனே. ஸ்பார்க் பிளக்கோட மின் இரைச்சல் இது வழியா நேரா ரேடியோவுக்குள்ள போகும், ப்ளேன் நம்ம சொல்லு கேக்காது. பிளாஸ்டிக் கம்பி போடுறேன்."

"என் ப்ளேன்ல பிளாஸ்டிக்கா? நான் செத்தப்புறம் போட்டுக்க."

"அப்புறம் யாரு பாக்கறதுக்கு?"

காபியோடு வந்த டெல்மரின் மனைவி ஆர்டிஸ், "உடம்பு முடியாதவர்கிட்ட பேசுற பேச்சா இது?" என்றாள். வென்டல் மட்டும் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

கம்பியைச் சொல்லாமல் மாற்றிவிடு, மூடிக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் டெல்மரிடம் சொன்னோம். எல்லோரும் தேவாலயம் போகிறவர்கள்தான்.

"அவங்கிட்ட பொய் சொல்லிட்டு, நாளைக்கு அவன் சவப்பொட்டிக்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?" என்றார். பித்தளையையே பொருத்தினார்.

அக்டோபரில் ஒரு தெளிந்த நாளில் மைதானத்துக்குக் கொண்டுவந்தோம். பறக்கவிடும் முன் ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஓடும், சொந்தக்காரர் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் கையிலிருக்கும் ரேடியோவின் ஆன்டெனாவை மடக்கிவைத்து விலகி நடப்பார். வால் சுக்கான் தானாகத் துடித்தால் இரைச்சல் ரேடியோவைக் கெடுக்கிறது என்று பொருள்; வாலைப் பிடித்தவர் கையைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் விமானம் பறக்கும். எங்கள் மைதானத்தில் அவர் கைதான் சட்டம்.

வென்டல் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, வாலில் உள்ளங்கையை வைத்திருந்தார். டெல்மர் பின்னோக்கி நடந்தார். ஓக் மரத்தைத் தாண்டினார். வேலியை நெருங்கினார். அங்கிருந்து சுக்கான் அவர் கண்ணுக்குத் தெரியாது. வென்டலின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் அதையேதான் பார்த்தோம். கையைத் தூக்கினால் இன்று பறக்காது. இன்னொரு நாள் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

வென்டல் கையைத் தூக்கினார்.

எஞ்சினை அணைத்தோம். டெல்மர் திரும்பி வந்தார்.

"எங்க ஆரம்பிச்சுது?"

"மரத்துக்கிட்டயே."

"அப்பவே தூக்கறதுக்கென்ன?"

"கை வரலய்யா."

டெல்மர் பிளாஸ்டிக் கம்பியைக் கொண்டுவந்திருக்கவில்லை. எதையும் நம்பாத மனிதர், அந்த ஒரு நாள், ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று நம்பியிருக்கிறார். வென்டல் தாமே கம்பியைக் கழற்றச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோய் மாற்றி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, நாள்கணக்கில் பெய்தது. மழை விடுவதற்குள் வென்டல் இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த வாரம் டெல்மர் அந்த விமானத்தைப் பறக்கவிட்டார். சோயா அறுத்த வயலுக்கு மேல் இரண்டு வட்டம் போட்டது. ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை. யாரும் கைதட்டவில்லை.

இறக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம், அன்றைக்கே சொல்லாமல் மாற்றியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறதா என்று கேட்டேன்.

"தெனமும் தோணுது," என்றார். "அந்தப் பக்கம் கொஞ்சம் பிடி."