மஞ்சள் பூசிய வரி

புதுச்சேரியில் ஆறு வருஷம் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு, உடம்புக்கு முடியாமல் தென்காசிக்குத் திரும்பியவன் நான். ஊரில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் என்ற பவுசு இருந்ததே தவிர, ஒரு பிரயோஜனமும் இல்லை. ஜவுளிக்கடை அண்ணாச்சி தேடி வரும்வரை.

அவருடைய ஒரே மகன் பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். நாலு மாதமாகக் கடிதம் இல்லை. நேரே போய்ப் பார்த்துவிடுவது என்று, ஐம்பத்திரண்டு வயதில் பிரெஞ்சு படிக்க உட்கார்ந்தார்.

கேள்வி கேட்டே என் உயிரை வாங்கினார்.

"நாற்காலி பொம்பளையாம், கட்டில் ஆம்பளையாம்! எந்த மடையன் போய்ப் பார்த்தான்?"

"கடைசி எழுத்தச் சொல்ல மாட்டான்னா, அத எதுக்கு மெனக்கெட்டு எழுதுதான்?"

எனக்கா தெரியும்? "அது அப்படித்தான் அண்ணாச்சி, எழுதுங்க" என்று எரிந்துவிழுவேன்.

ஒருநாள் இறந்தகாலப் பாடம். போனான், வந்தான், பிறந்தான், இறந்தான் என்று வரிசையாக, பிரெஞ்சும் பக்கத்தில் தமிழுமாக அவர் நோட்டில் பென்சிலால் எழுதினேன். கடைசி வரியைப் பார்த்ததும் அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது.

"என்ன அச்சானியம் இது! எம்புள்ளையத் தேடிப் போகத்தானய்யா படிக்கேன். இந்தச் சொல்லு எனக்கு எதுக்கு?"

புதுக் கணக்கு நோட்டுக்குப் பூசுகிற மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவரச் சொல்லி, அந்த ஒரு வரியின் மேல் கெட்டியாக அப்பினார். நான் சிரித்தேன். அன்றைக்கு அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

அந்த வாரமே மகனுக்கு இன்னொரு கடிதம் போட்டார். விலாசத்தைப் பிரெஞ்சில் அவரே எழுதினார், பிழையில்லாமல்.

இரண்டு மாதம் போய், சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நிற்கிறேன், குதிரை வண்டியிலிருந்து அண்ணாச்சி இறங்குகிறார். ஒரு கையில் நோட்டு. இன்னொரு கையில் அவர் போட்ட அதே கடிதம், பிரிக்காமல் திரும்பி வந்திருந்தது.

"உறை மேல அந்த ஊர் தபால்காரன் மூணு சொல்லு எழுதியிருக்கான். ரெண்டு நானே வாசிச்சிட்டேன். மூணாவது நோட்டு பூராத் தேடியாச்சு, இல்ல. என்ன சொல்லு வாத்தியாரே அது?"

பார்த்தேன். "கண்ணாடி இல்லை அண்ணாச்சி, நாளைக்கு..." என்றேன். நான் கண்ணாடியே போடுவதில்லை. என்னைப் போல ஒரு கோழை உண்டா!

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு நோட்டைப் பிரித்து, மஞ்சளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். சாரலில் நனைந்து அது சுலபமாகவே வந்தது. முதலில் பிரெஞ்சுச் சொல் தெரிந்தது. உறையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் தமிழ் இருந்தது, என் கையெழுத்தில். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

"விடும் வாத்தியாரே," என்றார். "பாதி வாசிச்சாச்சு."