மடைப்பலகையும் ஐந்து சைக்கிள்களும்

1982 மாசி 27, சனிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னாலிருந்து எங்கள் சைக்கிள் கழகம் புறப்பட்டது. கழகம் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். ஆள் ஐந்து, சைக்கிள் ஐந்து, காற்றடிக்கும் பம்பு ஒன்று. தலைவர் ஹனீபா காக்கா, எங்களுக்கெல்லாம் அண்ணன் முறை, பிடவைக்கடை முதலாளி. அவருடைய மச்சான் குவைத்திலிருந்து ஒரு கியர் சைக்கிள் அனுப்பியிருந்ததால் தலைமைப் பதவி போட்டியில்லாமல் கிடைத்தது. பாண்டிருப்புக் கணித வாத்தியார் யோகன் செயலாளர். தபால் கந்தோரில் முத்திரை குத்துகிற நான் பொருளாளர். மற்ற இருவரும் ஹனீபா காக்காவின் கடைச் சிப்பந்திகள். முதலாளி மிதித்தால் அவர்களும் மிதிப்பார்கள்.

திருக்கோவில் வரை போய், தம்பிலுவிலில் யோகனின் அக்கா வீட்டில் தங்கி, ஞாயிறு திரும்புவது திட்டம். கடலோரத் தார் வீதியால் போனால் இருபத்துநாலு மைல்தான். லொறிப் புகை குடிக்கவா சைக்கிள் வாங்கினோம் என்று ஹனீபா காக்கா கேட்டார். ஆகவே காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறையைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே கிடக்கும் ட்ரொலி மேட்டில் ஏறித் தெற்கே போவதாக முடிவாயிற்று. அந்தக் காலத்தில் மண் ஏற்றுகிற ட்ரொலி ஓடிய பாதையாம் அது. தண்டவாளத்தை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேடு மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடக்கிறது.

ஆறே முக்காலுக்குச் சம்மாந்துறையில் பிளேன் டீயும் பணிசும். சம்மாந்துறை நான் பிறந்த ஊர். என் வாப்பா அங்கே வட்டவிதானையாக இருந்தவர். எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைப்பதும், மடை திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. அந்தப் பெருமையில், வயலைப் பற்றி ஏதும் அறிய வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள் என்று வழி நெடுக அளந்துகொண்டே வந்தேன்.

ஏழரைக்கு மேட்டில் ஏறினோம். அப்படியொரு சுகமான சவாரியை நான் அதற்கு முன் கண்டதில்லை. இருபுறமும் பெரும்போக அறுவடை. சில வயல்களில் வெட்டிய கதிர், உப்பட்டியாக, அதாவது சிறு சிறு பிடிகளாக, வெயிலில் காயக் கிடந்தது. சில வயல்கள் பிந்தி விதைத்தவை, இன்னும் பச்சை. நாலு மைல் போனதும் மேடு அறுந்திருந்தது. குறுக்கே ஒரு வாய்க்கால். அதன் மேலிருந்த சிறு பாலம் எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலோடு போயிருந்தது.

வாய்க்காலில் தண்ணீர் இல்லை. நடுவில் நாலடி அகலத்துக்கு முழங்கால் சேறு மட்டும். இறங்கித் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் குவைத் சைக்கிளில் சேறு படுவதா? அப்போது வாய்க்கால் கரையில், ஒரு வயலின் மடை வாயில், ஐந்தடி நீளப் பலகையொன்று சேறு பூசி நிற்பதைக் கண்டேன். அதைப் பிடுங்கலாமா என்று யோகன் தயங்கினார். வாய்க்காலே காய்ந்து கிடக்கிறது, அறுத்த வயலுக்கு இந்தப் பலகையால் என்ன பயன் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல் நானே பிடுங்கினேன். ஐந்து சைக்கிளும் சேறு படாமல் அக்கரை சேர்ந்தன. திரும்பி வரும்போது வேண்டுமே என்று ஹனீபா காக்கா பலகையை இழுத்து, பன் என்கிற கோரைப் புதருக்குள் ஒருவர் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்தார். அவருடைய முன்யோசனையை எல்லோரும் மெச்சினோம்.

பத்துக்கு அக்கரைப்பற்று. பன்னிரண்டுக்குத் திருக்கோவில். கோயிலுக்குப் பின்னால் கடலில் ஆசை தீரக் குளித்தோம். தம்பிலுவிலில் யோகனின் அக்கா முஸ்லிம்கள் எங்களுக்கு ஹலால் ஆகாதென்று கோழியை விட்டுவிட்டு, பாரை மீன் ஆணமும் கீரையும் ஆக்கி வைத்திருந்தார். ஹனீபா காக்கா மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். இரவு எட்டரைக்கெல்லாம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினோம்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அந்த வாய்க்காலை நெருங்கினோம். முதலில் கேட்டது கூச்சல். அதன் பிறகுதான் வயலைப் பார்த்தேன்.

வயல் எங்கே? குளம்தான் இருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்து, நான் பிடுங்கிய மடை வாயால் இரா முழுக்க உள்ளே பாய்ந்திருந்தது. மூன்று ஏக்கர் உப்பட்டியும் தண்ணீரில் மிதந்தது. தண்ணீர் முறை! பிந்தி விதைத்தவர்களுக்குச் சனிக்கிழமை மாலை முறை. காலையில் காய்ந்த வாய்க்கால் மாலையில் நிறையும். முறை வைத்தவரின் மகனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் சைக்கிளில் ஏறியதும் புத்தி எங்கோ போய்விட்டது.

வரம்பில் இரண்டு பேர் நின்றார்கள். மண்வெட்டியை ஓங்கி நின்றவர் சம்மாந்துறை ஆதம்பாவா, மூழ்கிய வயலுக்கு உரியவர். எதிரே வெறுங்கையோடு நின்றவர் காரைதீவுத் தம்பிராசா. கீழேயிருந்த பச்சை வயல் அவருடையது. முதல் நாள் மாலை முறைத் தண்ணீர் அவருக்குத்தான் வந்தது.

"வெள்ளிக்கிழமை என்னட்டப் பலகை கேட்டவன் நீதானே? இல்லையெண்டு சொன்னன். இப்ப பலகையைக் காணல்ல. கள்ளன், பலகையையும் எடுத்து என்ர வெள்ளாமையையும் அழிச்சிட்டியே" என்றார் ஆதம்பாவா.

"நான் எடுக்கல்ல" என்றார் தம்பிராசா.

ஹனீபா காக்கா என் கையைப் பிடித்தார். திரும்பித் தார் வீதியால் போய்விடலாம், எங்களை யாரும் காணவில்லை என்று காதோடு சொன்னார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அதுதான் ஆசையாக இருந்தது. ஹான்டிலைத் திருப்பியும் விட்டேன். ஆனால் அந்த மண்வெட்டி இறங்கினால் என்ன ஆகும்? ஒரு தலை போவதோடு முடியுமா? முஸ்லிம் ஊரான சம்மாந்துறைக்கும் தமிழ் ஊரான காரைதீவுக்கும் இடையில் எத்தனை வீடு எரியும்? சைக்கிளைப் போட்டுவிட்டுப் பன்புதருக்குள் ஓடினேன். பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் வாய்க்காலைக் கடந்தேன்.

"காக்கா, நான்தான் கழட்டின. சைக்கிள் கொண்டு போறத்துக்கு. இவர் எடுக்கல்ல" என்றேன்.

ஆதம்பாவா என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மேட்டில் நின்ற கியர் சைக்கிளைப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீ ஆர்ர மகன்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"வட்டவிதானையார்ர மகனா?" என்றார். மண்வெட்டியை விட்டுவிட்டு அப்படியே வரம்பில் குந்தினார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மடையை அடைத்து, வரம்பை வெட்டித் தண்ணீரை வடிய விட்டோம். பிறகு உப்பட்டியை அள்ளி அள்ளி ட்ரொலி மேட்டுக்குச் சுமந்தோம். நனைந்த நெல் முளை கட்டுவதற்குள் காய வேண்டும். ஹனீபா காக்கா காற்சட்டையோடு சேற்றில் இறங்கினார். கூப்பிடாமலே இறங்கிய இன்னொருவர் தம்பிராசா. ஆறு மணி நேரம் எங்களோடு சுமந்தார். பிற்பகல் நாலு மணிக்கு, நாங்கள் பறந்து வந்த மேடு கால் மைலுக்குக் கதிராகக் கிடந்தது. பாதிக்கு மேல் தப்பிவிடும் என்று ஆதம்பாவா சொன்னார். மீதிக்கு என்ன செய்வதென்று நான் கேட்டதற்கு, அடுத்த ஞாயிறு கதிரைப் போட்டுச் சூடடிக்க ஐந்து பேரும் வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

தேநீர் வந்தது. தம்பிராசா கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பிராசா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார் ஆதம்பாவா. காலையில் வாய்க்கு வாய் நீ என்றவர்.

தம்பிராசா நிமிராமலே சொன்னார்: "இருவது வருசமா ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கிறம், காக்கா. கள்ளனெண்டு சொல்ல முந்தி, எடுத்தியா எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

"ஓம்" என்றார் ஆதம்பாவா.

தம்பிராசா தன் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் குடிக்கவில்லை. அக்கரையில் நின்ற சைக்கிள்களைத் தூக்கி வந்து நாங்களும் கிளம்பினோம்.

சம்மாந்துறைக்கு இப்பால் அவரை எட்டிவிட்டோம். மட்கார்டு கடகடக்க மெல்ல மிதித்துப் போய்க்கொண்டிருந்தார். காரைதீவுக்கு இன்னும் மூன்று மைல். நல்ல தார் வீதி, பின்காற்று. நினைத்தால் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடலாம். ஹனீபா காக்கா கியரை மாற்றவில்லை. யோகன் தலை குனிந்தே வந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுக்க நான் வாய் திறந்து மூடினேன். பக்கத்தில் போக எனக்குத் துணிவு வரவில்லை. அவருடைய வேகத்திலேயே, அவருக்குப் பின்னால், கழகம் முழுவதும் வரிசையாக மிதித்தது.

சந்தி தாண்டி ஒரு ஒழுங்கையில் அவர் திரும்பினார். நாங்கள் ஐந்து பேரும் இறங்கி நின்றோம். அவர் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.