முன்னூற்றுப் பன்னிரண்டாவது கழுத்து

பாட்டில் மூடி செய்யும் அந்தக் கம்பெனியில் பொருள்கள் வாங்கிப் போடும் அதிகாரிக்குச் ‘சாம்பிள் சார்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. ஆனால் பத்தொன்பது வருடமாக அதை நினைவில் வைத்திருந்தவை சம்பளச் சீட்டும் வருகைப் பதிவேடும் மட்டுமே. கம்பெனி முத்திரை போட்ட பரிசுப் பொருள் எதுவானாலும் ஒரு வாரம் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்காமல் மனிதர் ஆர்டர் கொடுக்க மாட்டார். குடை வாங்கிய வருடம் கூரைக்குக் கீழேயும் விரித்தபடி உட்கார்ந்திருந்தார். தொப்பி வாங்கிய வருடம் தலை துவட்டும்போது மட்டும் கழற்றினார்.

வீட்டிலும் அந்தப் பெயருக்கு வேலை இல்லை. மனைவிக்கு ‘என்னங்க’, மகளுக்கு ‘அப்பா’, மைத்துனனுக்கு ‘மாமா’. பரணில் ஏற்றிய பெட்டி மாதிரி அது எங்கேயோ கிடந்தது. இருக்கிறதா என்று யாரும் ஏறிப் பார்த்ததில்லை.

கம்பெனிக்கு இருபத்தைந்து வயது முடிந்தபோது முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு செயின். அதில் தொங்கும் டாலரின் முன்பக்கம் அவரவர் பெயர், பின்பக்கம் கம்பெனி முத்திரை, உள்ளே அரிசி அளவில் ஒரு சிப். இனி அடையாள அட்டை கிடையாது. டாலரைக் காட்டினால்தான் கதவு திறக்கும்.

“ஆம்பளைங்களுமா கழுத்துல மாட்டணும்?” என்றார் சாம்பிள் சார்.

“மணி கட்டின மாடுதான்யா தானா தொழுவத்துக்கு வரும். போய் ஆர்டர் குடு” என்றார் ஸ்டோர்ஸ் மேனேஜர்.

பெயர் செதுக்கும் பட்டறையை நடத்தியது ஓர் அம்மாள். லேசர் மெஷின் சீறி அடங்கியதும், இன்னும் சூடு ஆறாத ஒரு மாதிரி டாலரைச் சாம்பிள் சார் கையில் வைத்தார். அதிலிருந்த பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

“யாருங்கம்மா இது?”

“யாருமில்ல. உயிரோட இருக்கிறவங்க பேரைச் சாம்பிள்ல போட மாட்டேன். யாருக்கும் இல்லாத பேரா ஒண்ணு போடுவேன்.”

“போட்டா என்ன ஆயிடும்?”

“ஒரு பேரை ஒரு தடவைதான் சார் செதுக்கணும். ரெண்டு இடத்துல இருந்தா, தான் எங்க இருக்கோம்னு அதுக்கே குழம்பிரும்.”

சாம்பிள் சார் சிரித்துவிட்டு, செயினை அங்கேயே கழுத்தில் மாட்டிக்கொண்டார். அரிக்கிறதா, கறுக்கிறதா, கொக்கி விட்டுப் போகிறதா என்று வழக்கம்போல ஒரு வாரம் பார்க்க வேண்டுமே.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒரு முறை அவர் இரண்டு குடை எடுத்துக்கொண்டதாக எவனோ புரளி கிளப்பிவிட்டான். அதிலிருந்து பரிசுப் பட்டியல் கைக்கு வந்ததும் முதல் காரியமாகத் தன் பெயரைக் கோடு போட்டு அடித்துவிடுவார். ஊருக்கெல்லாம் போக மிஞ்சினால்தான் தனக்கு. இந்த முறையும் அடித்தார்; மொத்த எண்ணிக்கையை மட்டும் திருத்தவில்லை. பட்டறையிலோ சாம்பிளை வீணாக்கும் வழக்கம் கிடையாது. ஆர்டரில் இருந்த எண்ணிக்கை முன்னூற்றுப் பன்னிரண்டு, பெயர்கள் முன்னூற்றுப் பதினொன்று. ஒன்று குறைகிறதே என்று சாம்பிள் டாலரில் இருந்த பெயரைக் கடைசி வரியாகச் சேர்த்து, அந்தப் பட்டியலைக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டார்கள். எண்ணிக்கை கச்சிதமாக இருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தால் பெயரை யார் படிக்கிறார்கள்?

திங்கட்கிழமை காலை எல்லாக் கழுத்திலும் டாலர் தொங்கியது. தனக்கென்று ஒன்று வராததால் சாம்பிள் சார் கழுத்தில் கிடந்ததையே கதவில் காட்டினார். திறந்துகொண்டது. திரையைப் பார்த்த வாட்ச்மேன் எழுந்து சலாம் வைத்தார்.

“வாங்க சார்” என்றவர், அந்த யாருக்கும் இல்லாத பெயரை வாய் நிறையச் சொன்னார். ‘சாம்பிள் சார்’ என்று கூப்பிட்டே பழகிய வாய் அது.

சாம்பிள் சார் டாலரை அவசரமாகச் சட்டைக்குள் தள்ளினார். நேராக ஹெச்.ஆர். மேடத்திடம் போனார். மேடம் திரையைத் திருப்பிக் காட்டினார். சேர்ந்த தேதி, ரத்த வகை, குடல்வால் ஆபரேஷனுக்கு எடுத்த பதினோரு நாள் லீவு எல்லாம் அவருடையவை. போட்டோவும் அவர்தான். மேலே மட்டும் அந்தப் பெயர்.

“இது நான்தான் மேடம்.”

“நானும் அதைத்தான சொல்றேன்?”

“பேரு தப்பு மேடம்.”

“லிஸ்ட்டுல முன்னூத்திப் பன்னெண்டு, கழுத்தும் முன்னூத்திப் பன்னெண்டு. இதுல தப்பு எங்க வந்து உக்காரும்?”

அவர் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். மேடம் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “அப்படி ஒருத்தர் இங்க இருந்ததே இல்லையே. உங்களுக்குச் சொந்தமா? வேலை வேணும்னா விண்ணப்பம் போடச் சொல்லுங்க.”

ஸ்டோர்ஸில் பழைய வருகைப் பதிவேடுகள் அடுக்கியிருந்தன. தூசு தட்டி, தான் சேர்ந்த வருடத்தை எடுத்துப் புரட்டினார். பழுப்பேறிய தாள். கையெழுத்து அவருடைய கோழிக் கிறுக்கல்தான், சந்தேகமே இல்லை. பக்கத்தில் வெளிறிப்போன மையில் அந்தப் பெயர் இருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய மை. விரலால் தேய்த்தும் அழியவில்லை.

மதியமே பட்டறைக்கு ஓடினார்.

“எத்தனை நாள் போட்டிருந்தீங்க?” என்றார் அந்த அம்மாள், நிமிர்ந்து பார்க்காமலே.

“ஒன்பது.”

“ஒரு வாரம்னுதானே சொன்னீங்க?”

“உறுத்தவே இல்லம்மா. மறந்துட்டேன்.”

“உறுத்தலைன்னா ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்.”

“என் பேர்ல ஒண்ணு செதுக்கிக் குடுங்க. இப்பவே.”

அந்த அம்மாள் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டார். “சொல்லுங்க.”

சாம்பிள் சார் வாயைத் திறந்தார். காலையில் மேடத்திடம் சொன்ன பெயர்தான். முதல் எழுத்து இருந்த இடத்தில் நாக்கு துழாவியது, பல் விழுந்த குழியைத் துழாவுவது போல. மெஷின் காத்திருந்தது.

“வீட்டுல யாருக்காவது தெரிஞ்சிருக்கும்” என்றார் அந்த அம்மாள், இரக்கத்தோடு. “போய்க் கேட்டுட்டு வாங்க. சீக்கிரம் போங்க.”

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தா, என் பேரைச் சொல்லு.”

“என்னங்க, வெயில்ல சுத்திட்டு வந்தீங்களா?”

“விளையாடலை. ஒரே ஒரு தடவை சொல்லு.”

“ஐயே, இருபத்தோரு வருஷமா கேக்காதவரு! இன்னிக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொல்ல வந்தாள். சிரிப்பு உதட்டில் இருக்க, கண்ணிலிருந்து மட்டும் மெல்ல இறங்கிப் போயிற்று. மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள்.

“கல்யாணமான புதுசுல நோட்டுல எழுதி எழுதிப் பார்த்திருக்கேங்க. நாக்கு நுனியில நிக்குது...”

“சொல்லு” என்றார் அவர். அது கெஞ்சல்.

அவள் எழுந்து வந்தாள். காலரைச் சரிசெய்வது போல அவர் கழுத்தில் கைவிட்டு, டாலரை வெளியே இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். முகம் மலர்ந்தது.

“இதுக்கா இந்தப் பாடு?” என்று, புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டே, அந்தப் பெயரைச் சொன்னாள்.

“ம்” என்று பதில் வந்தது.

அவர் தொண்டையிலிருந்துதான் வந்தது. பதில் சொன்னவர் அவர் இல்லை.