சாம்பல் திரையில் ஒரு முன்பல்

தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்பார்கள். பல் பிடுங்குகிறவர் அல்ல, செய்கிறவர். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, பீங்கான் பொடியை நீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காகக் கட்டி, கைப்பெட்டி அளவுள்ள மின்சூளையில் சுட்டெடுப்பார். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது.

ஒரு சூட்டுக்குப் பத்து நிமிடம். முன்பெல்லாம் அந்தப் பத்து நிமிடமும் ஜன்னலில் நின்று எதிர்வீட்டுச் சிமெண்டுச் சுவரைப் பார்ப்பார். கண்ணுக்கு ஓய்வு. இப்போது அந்த இடத்தைப் போன் பிடித்துக்கொண்டது. வீடியோவில் ஒருவர் லாரி கழுவுவார், ஒருவர் பூனைக்கு முடி வெட்டுவார். சூளை மணியடித்தாலும் கட்டைவிரல் நிற்காது. அந்த வெளிச்சத்தில் ஊறிய கண்ணோடுதான் திரும்பி வந்து பல்லின் நிறம் பார்ப்பார்.

பாட்டு டீச்சர் ஒருவருக்குச் செய்த முன்பல் இரண்டாவது தடவையும் திரும்பி வந்தது. அந்த வேலையை அனுப்பிய டாக்டரம்மா போனில் குரலை உயர்த்தவில்லை.

"தனியாத் தெரியுதுங்க. அந்தம்மா வாயைக் கையால மூடிக்கிட்டே கிளாஸ் எடுக்கிறாங்க. மூணாவதும் இப்படின்னா நான் வேற லேபுக்குத்தான் குடுக்கணும். தப்பா நினைக்காதீங்க."

அவருடைய லேபுக்கு வரும் வேலையில் பாதி டாக்டரம்மாவுடையது. அங்கேயே பிளாஸ்டர் அச்சு வார்க்கும் அவருடைய அக்கா, முழங்கை வரை வெள்ளை அப்பியிருக்க, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போனைக் குடுடா."

"எதுக்கு?"

"நேத்து நீ எவ்வளவு நேரம் பாத்தேன்னு அதுலயே இருக்கும்."

நாலு மணி நாற்பது நிமிடம்.

"வேலைக்குப் பாத்ததும் சேந்துதான்" என்றார்.

"ஆமா, பூனைக்குப் பல்லு கட்டப் போறே பாரு."

கையைத் துடைத்துக்கொண்டு, நேரத்தைப் பூட்டும் ஆப் ஒன்றைப் போட்டாள். வீடியோவுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம். பாஸ்வேர்டு அவளிடம். அதோடு விடாமல் திரையின் கலரையும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினாள்.

"மிட்டாய்க்கடை மாதிரி மின்னுனா கை போகத்தான் செய்யும். இனிமே பழைய கரித்துணி மாதிரி கிடக்கட்டும்."

முதல் நாள் அவருக்குக் கை சும்மா இருக்கத் தெரியவில்லை. சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டு மீண்டது.

"அக்கா, அஞ்சே நிமிஷம்."

"அச்சு காயட்டும்."

"காஞ்சிடுச்சு."

"அப்ப நீ காய்."

மறுநாள் காலை, திரும்பி வந்த பல்லை எப்படித் திருத்துவது என்று தெரியாமல் டாக்டரம்மா அனுப்பிய படத்தைத் திறந்தார். அந்தப் பல்லை வைத்துப் பார்த்தபோது டீச்சரின் உதட்டை ஒதுக்கி எடுத்த படம். திறந்த பிறகுதான் கலர் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நிறம் பார்க்க வேண்டிய படத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்க்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு அக்காவைக் கூப்பிட வாயெடுத்தார். வாய் அப்படியே நின்றது.

பக்கத்துப் பற்கள் எல்லாம் ஒரே சாம்பல். நடுவில் ஒன்று மட்டும் பளீரென்று இருந்தது.

"கலர் போடவா?" என்று அக்கா கையை நீட்டினாள்.

"வேணாம். இதுல நான் செஞ்சது எதுன்னு சொல்லு."

"இதுகூடத் தெரியாதா? டியூப்லைட் மாதிரி எரியுதே, இதுதான்."

முதல் தடவை மஞ்சளைக் கூட்டியிருந்தார். இரண்டாம் தடவை லேசான சிவப்பு. தப்பு நிறத்தில் இல்லை, வெளுப்பில். பளிச்சென்ற திரையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு எந்தப் பல்லும் மங்கலாகத்தான் தெரியும். அதனால் இரண்டு தடவையும் கை தானாக வெளிர்ப்பொடியை எடுத்திருக்கிறது.

"பன்னிரண்டு வருஷம்" என்றார், குரல் இறங்கி. அக்கா கேலி செய்யவில்லை. புது அச்சு வார்க்கப் போனாள்.

பழையதைத் திருத்தாமல் குப்பை டப்பாவில் போட்டார். இரண்டு படி இருண்ட பொடியில் முதலிலிருந்து தொடங்கினார். சூளை ஓடும்போதெல்லாம் ஜன்னலில் நின்றார். ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு டீச்சரின் பல் நிறத்துக்கான மாதிரிப் பல்லோடு சேர்த்துப் படமெடுத்து, வெளுப்பைச் சாம்பல் திரையிலும் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் தன் கண்ணாலும் சரிபார்த்தார். நாலு சூடு. நாலாவது முடிந்தபோது முதுகு நிமிரவில்லை.

பல் பொருத்தும் நாளில், மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டரம்மா கூப்பிட்டார். பல்லுக்காரர் "சரிங்கம்மா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"என்னடா சொன்னாங்க?"

"ஒட்டிட்டாங்களாம். முகம் பாக்கக் குடுத்த கண்ணாடியை டீச்சர் திருப்பித் தரவே மாட்டேன்னுட்டாங்களாம். நாளைக்கு ரெண்டு வேலை அனுப்புறாங்க."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்ப பூட்டை எடுத்துடவா?"

அவர் யோசித்தார். "இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை மட்டும் கலர் குடு."

"அரை நாள்" என்றாள் அக்கா.