தகரையும் பேயாவாரையும்

பிள்ளைகளே, தகரைக் கீரையில் வறை வைத்தால் அம்மா மூக்கைப் பொத்துவதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். காரணம் உங்கள் அப்பா நான்தான்.

மூத்தவன் வயிற்றில் இருந்தபோது அம்மா தகரை வறைக்கு ஆசைப்பட்டார். உப்புக்குளத்து வேலியோரம் மஞ்சள் பூவைக் கண்டு, இலை ஆய்ந்து நானே வறுத்தேன். சட்டியிலிருந்து செத்த எலி நாற்றம் எழுந்தது.

“நல்லாத்தான் இருக்கப்பா” என்று பாதியைச் சாப்பிட்டவர், குடல் பிரளச் சத்தி எடுத்தார்.

பக்கத்து வீட்டு மேரியக்கா ஓடிவந்து, மீந்த இலையைக் கசக்கி மணந்தார். “ஐயோ, இது பேயாவாரை! தகரைக்கு இலை நுனி வட்டம், இதுக்குக் கூர். பிள்ளைத்தாச்சிக்குக் குடுக்கிற சாமானே இது?”

“ரெண்டும் மஞ்சள் பூத்தானே, அக்கா?”

“பூவைப் பாத்தே வறை வைக்கிறது?”

ஆண்டவர் கிருபை, இரண்டு உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா தூங்கியபின் வீட்டுக்குப் பின்னால் தனியே நின்று, மிச்ச வறையில் ஒரு வாய் வைத்தேன். குமட்டியது. என் முகம் வாடக்கூடாதென்று இதையா பாதி சாப்பிட்டார்!

துப்பாமல் மென்று விழுங்கினேன்.